ஊர் வளர்ந்தது, என் சம்பளம் ஏன் வளரவில்லை?

கேட்டவர் வேலூர்க்காரர். மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக உள்ளூரிலேயே 14,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். அவருடைய கேள்வி இது: "நகரம் பெரிதானால் அங்கே வேலை செய்பவர்களின் சம்பளமும் கூடும் என்று அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஒருவர் ஆராய்ச்சி செய்து சொல்லியிருப்பதாகப் படித்தேன். எங்கள் ஊரில் நாடே தேடி வரும் ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது, சுற்றிலும் ஷூ கம்பெனிகள். ஊர் கண்ணெதிரே வளர்கிறது. சம்பளம் மட்டும் ஏன் நகரவில்லை? அந்த ஆராய்ச்சி தப்பா, இல்லை எங்கள் ஊர்தான் விதிவிலக்கா?" இதற்குள் இரண்டு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று ஆராய்ச்சியைப் பற்றியது. மற்றொன்றை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை: நான் இங்கேயே இருப்பதா, பெங்களூருக்குக் கிளம்புவதா? இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் 31 வருடம் பொருளியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பாதி நாள் தொழிலாளர் பொருளியல்தான் என் பாடம். அதனால் இரண்டுக்கும் பதில் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்தது அநேகமாக எட்வர்ட் கிளேசருடைய ஆராய்ச்சியாக இருக்கும், அல்லது என்ரிகோ மொரெட்டியுடையதாக இருக்கும். இரண்டு பேரும் இந்தத் துறையில் பெரிய கைகள். நெரிசலான நகரங்களில் ஒரே மாதிரியான தொழிலாளி கூடுதலாக உற்பத்தி செய்கிறார், கூடுதலாகச் சம்பாதிக்கிறார் என்பது இன்று நன்றாக நிலைபெற்ற முடிவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் பலர் ஏமாந்துபோவார்கள். சிக்கோனே, ஹால் என்ற இருவர் 1996இல் அமெரிக்கக் கணக்கை வைத்துச் சொன்னது: ஓரிடத்தில் வேலை செய்பவர்களின் அடர்த்தி இரண்டு மடங்கானால் உற்பத்தித்திறன் சுமார் 6 சதவீதம் கூடும். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் 3 முதல் 8 சதவீதம் என்றுதான் சொல்கிறார்கள். அதாவது வேலூர் இன்னொரு வேலூரைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டாலும் உங்கள் 14,000த்துக்கு வரவேண்டியது 840 ரூபாய். அதுவும் உற்பத்தித்திறனில். அதில் முதலாளி எவ்வளவு வைத்துக்கொள்வார், உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பது வேறு கணக்கு. கிளேசர் இன்னும் மூவருடன் சேர்ந்து 2017இல் பிரேசில், சீனா, இந்தியா, அமெரிக்கா நான்கையும் ஒப்பிட்டார். அடர்த்திக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு இந்தியாவில் அமெரிக்காவைவிடக் கொஞ்சம் பலமாகவே இருந்தது. ஆக ஆராய்ச்சி தப்பில்லை. ஆனால் அது சராசரியைப் பற்றிப் பேசுகிறது. நீங்கள் கேட்பது உங்களைப் பற்றி.

ஏன் நெரிசல் கூலியைக் கூட்டுகிறது? ஆல்ஃபிரட் மார்ஷல் 1890லேயே காரணம் சொல்லிவிட்டார். ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் அந்தத் தொழில் தெரிந்தவர்களும் அங்கே குவிவார்கள், அதற்கு வேண்டிய சாமான் விற்பவர்களும் குவிவார்கள், தொழிலின் சூட்சுமம் காற்றிலேயே கலந்துவிடும். ஆம்பூரில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே டீக்கடையில் உட்கார்ந்தாலே தோலின் தரம் பார்ப்பது எப்படி என்று காதில் விழும். அச்சுக் கட்டை, பசை, லேஸ், அட்டைப்பெட்டி எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். ஒரு கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் தையல்காரர் அடுத்த கம்பெனிக்குப் போவார். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். கூலியை உயர்த்துவது ஊரின் ஜனத்தொகை இல்லை. உங்கள் கைத்தொழிலுக்கு எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்பதுதான். ஒரு வாசல் மூடினால் இன்னொன்றைத் தட்டலாம் என்ற நிலையில் இருப்பவரிடம்தான் முதலாளி இறங்கி வந்து பேசுவார்.

இதை வைத்து வேலூரைப் பாருங்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி, 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இரண்டும் இன்று ஊரைத் தாங்குகின்றன. இரண்டுமே, பொருளாதாரத்தின் பாஷையில் சொன்னால், ஏற்றுமதித் தொழில்கள். சரக்கை வெளியே அனுப்புவதில்லை, வாங்குபவரை உள்ளே வரவழைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி வெளிப்பணம் கொண்டுவரும் ஒரு வேலைக்கு ஊருக்குள் எத்தனை வேலை கூடுதலாக முளைக்கும் என்பதை மொரெட்டி கணக்கிட்டார். அமெரிக்க நகரங்களில் உற்பத்தித் துறையில் ஒரு வேலை வந்தால் கடை, ஹோட்டல், சலூன் மாதிரி உள்ளூர்த் தொழில்களில் 1.6 வேலை வருகிறது என்று 2010இல் எழுதினார். உயர்தொழில்நுட்ப வேலையானால் ஐந்து வரைக்கும் என்றும் பிறகு சொன்னார்.

அந்த 1.6 எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் காலை ஏழு மணிக்குக் காந்தி ரோட்டுக்குப் போங்கள். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துகளில் லாட்ஜ் பெயர்கள் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கும். வாசலில் மீன் குழம்பு, பருப்பு, சோறு என்று சாக்பீஸால் எழுதிய பலகை. அறைக்குள்ளேயே சமைத்துக்கொள்ள ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்குத் தருவார்கள். எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்தபடி ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கும். லாட்ஜ் பையன் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டு சரளமான வங்காளத்தில் பேசுவான். என்னிடம் படித்த ஒருவன் அப்படித்தான் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருந்தான். பள்ளிகொண்டா பக்கத்துப் பையன், தமிழ் தவிர எதுவும் தெரியாமல் வந்தவன். எங்கே வங்காளம் கத்துகிட்டே என்று கேட்டேன். "இன்னா சார், தெருவுல நின்னா ஆறு மாசத்துல வந்துடும்" என்றான். மார்ஷல் சொன்ன காற்று அதுதான். ஆனால் அவன் சம்பளம் என்ன தெரியுமா? உங்களுடையதைவிடக் குறைவு. வாசல் ஒன்றல்ல, தெருவெல்லாம் லாட்ஜ். பிறகு ஏன்?

இங்கேதான் அமெரிக்கக் கணக்கை அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாமல் போகிறது. அங்கே ஒரு நகரத்தில் ஆள் தேவைப்பட்டால் இன்னொரு நகரத்திலிருந்து இழுக்க வேண்டும். வருகிறவர் வீடு தேடவேண்டும், வாடகை கொடுக்கவேண்டும். அதனால் கூலியை உயர்த்தித்தான் ஆள் பிடிக்க முடியும். வேலூருக்கு அந்தக் கவலை இல்லை. அணைக்கட்டு பஸ்ஸும் ஒடுகத்தூர் பஸ்ஸும் கணியம்பாடி பஸ்ஸும் காலையில் கொண்டுவந்து இறக்கிவிடும், சாயங்காலம் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளக் கூடிய வேலைக்கு அந்தப் பையனுக்குப் பின்னால் இருபது பேர் பஸ்ஸில் நிற்கிறார்கள். ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். கிராமத்தில் குறைந்த வருமானத்தில் ஏராளமானோர் இருக்கும்வரை நகரத்து வேலை பெருகும், நகரத்துக் கூலி பெருகாது. ஆக வாசல்களை மட்டும் எண்ணினால் போதாது, வாசலில் நிற்கும் வரிசையையும் எண்ண வேண்டும்.

சரி, அப்படியானால் வளர்ச்சியின் பலன் யாருக்கும் போகவில்லையா? போனது. உங்களுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்ல வெளிநாட்டுப் புள்ளிவிவரம்கூட வேண்டாம். உலகத்தில் பொருளாதாரம் படிக்கிறவர்கள் பலருக்கு வட ஆற்காடு என்ற நம் பழைய மாவட்டத்தின் பெயர் தெரியும், நம் ஆட்களுக்குத்தான் அது தெரியாது. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 நெல்லும் கிணற்றில் கரண்ட் மோட்டாரும் வந்த காலம். பத்து வருடம் கழித்துப் பீட்டர் ஹேசலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்து சி. ராமசாமியும் அதே கிராமங்களுக்குப் போய் மறுபடி எடுத்தார்கள். அவர்கள் புத்தகம் 1991இல் வந்தது. சிறு விவசாயிகளின் உண்மை வருமானம் அந்தப் பத்து வருடத்தில் 90 சதவீதமும் நிலமில்லாத கூலிக்காரர்களின் வருமானம் 125 சதவீதமும் கூடியிருந்தன. அதைவிட எனக்குப் பிடித்த எண் 0.87. விவசாயத்தில் கூடுதலாக உருவான ஒவ்வொரு ரூபாய் மதிப்புக்கும் இந்த வட்டாரத்தில் விவசாயம் அல்லாத தொழில்களில் 87 பைசா மதிப்பு கூடுதலாக உருவானது. மொரெட்டி வேலைகளை எண்ணினார், இவர்கள் ரூபாயை எண்ணினார்கள், அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனால் விஷயம் ஒன்றுதான்: மோட்டார் காயில் கட்டுபவர், உரக்கடை, ரைஸ்மில், அப்புறம் அறுவடைக் காசு கையில் வந்ததும் விவசாயி போகிற துணிக்கடை, ஹோட்டல், சினிமாக் கொட்டகை. ஆரணி, ஆற்காடு, குடியாத்தம் எல்லாம் அந்த 87 பைசாவில் வளர்ந்த ஊர்கள் என்று சொன்னால் ரொம்பவும் மிகையாகாது.

இதில் உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன். வருமானம் கூடியது உறுதி. அதில் எவ்வளவு புது நெல்லால் வந்தது, எவ்வளவு வெளிவேலை கிடைத்ததால் வந்தது என்பதில் அந்தக் கிராமங்களில் வேலை செய்த ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் இரண்டாவது கட்சி. எண்பதுகளில் மாணவனாக இருந்தபோது கோடை விடுமுறையில் ஒரு கணக்கெடுப்புக்குப் படிவம் நிரப்பப் போனேன். ஆரணிக்குக் கிழக்கே ஒரு ஊர். அங்கே ஒரு வீட்டில் அப்பா ஏர் ஓட்டுகிறார், மூத்த மகன் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறான், இளையவன் பட்டுத் தறிக்குப் பாவு ஓட்டுகிறான். அந்த அப்பாவைக் கூலிக்குக் கூப்பிடுகிற நிலக்காரர் முன்பு மாதிரி மிரட்டவில்லை, கெஞ்சினார். மகன்களுக்கு வேறு வாசல் இருந்ததால் அப்பனுக்கு மதிப்பு கூடியது. இன்று அதே கிராமங்களில் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள், மெஷின் வைத்து நடுகிறார்கள். நூறு நாள் வேலையைத்தான் திட்டுகிறார்கள். அதற்கும் பங்கு உண்டுதான். ஆனால் காலையில் ஊர் முனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸுக்கு அதைவிடப் பெரிய பங்கு என்பது என் அபிப்பிராயம்.

ஆரணியைப் பற்றிப் பேசும்போது பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்ற ஆய்வாளரைச் சொல்லாமல் விட முடியாது. 1973இல் இங்கே வந்தவர், அதே ஊருக்கு நாற்பது வருடம் திரும்பத் திரும்ப வந்தார். பெரிய நகரத்தை ஆராய எல்லோரும் ஓடும்போது ஒரு நடுத்தர ஊரின் கடைத்தெருவை இப்படித் தொடர்ந்து பார்த்தவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. அவர் சொல்வதன் சுருக்கம்: இந்த ஊர்களில் வேலையும் கூலியும் சட்டத்தாலோ சந்தை விலையாலோ மட்டும் தீர்மானமாவதில்லை. சாதி, ஆண் பெண் வேறுபாடு, மதம், சங்கங்கள், கடன் எல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கின்றன. நெல் களத்தில் வெயிலில் காலால் நெல்லைத் துழாவும் வேலை பெண்ணுக்கு, மூட்டை ஆணுக்கு, கணக்கு உறவுக்காரப் பையனுக்கு. நவீன ரைஸ்மில் வந்தபோது முதலில் போனது களத்து வேலை. வாசல்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறப்பதில்லை என்பதை நான் வகுப்பில் படித்ததைவிட ஆரணிக் களத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

பெண்களின் கூலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கும் அதில் பங்கு உண்டு. காலை ஆறே முக்காலுக்கு மாதனூர் பஸ் நிறுத்தத்தில் நின்றால் ஒன்றன் பின் ஒன்றாகக் கம்பெனி பஸ்கள் வரும். ஒருமுறை ஆம்பூர் பக்கம் போக அங்கே காத்திருந்தபோது ஒரே தெருவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏறும் பஸ் ஒரு கம்பெனியுடையது, மற்றவள் ஏறுவது வேறு. இரண்டிலும் தையல் மெஷின் வேலைதான். முதல் கம்பெனியில் மாதம் ஐந்நூறு ரூபாய் அதிகம். அப்புறம் ஏன் நீ அங்கே போகவில்லை என்று நான் கேட்டதற்கு இரண்டாமவள் சிரித்தாள். அவளுடைய அம்மா வீடு ரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். குழந்தையை அங்கே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அந்தக் கம்பெனி பஸ் உள்ளே வராது, இந்தக் கம்பெனி பஸ் வரும். ஐந்நூறு ரூபாயை விட்டுக்கொடுத்து அவள் வாங்கிக்கொண்டது அந்த மூன்று கிலோமீட்டரை.

ஜோன் ராபின்சன் என்ற பொருளியலாளர் 1933இல் இதற்கு மோனாப்சனி என்று ஒரு பெயரே வைத்தார். விற்பவன் ஒருவனே இருந்தால் ஏகபோகம் என்கிறோமே, அதைத் திருப்பிப் போட்டால் வேலைக்கு ஆள் எடுப்பவன் ஒருவனே இருக்கும் நிலை. ஊரில் நாற்பது கம்பெனி இருக்கலாம், ஆனால் குழந்தையும் இருட்டும் பஸ் வழியும் சேர்ந்து ஒரு பெண்ணுக்கு ஒரே கம்பெனியை மிச்சம் வைத்தால் அவளுக்கு நாற்பதும் ஒன்றும் சமம்தான். அந்த இடத்தில் முதலாளி கூலியைக் குறைத்தாலும் அவள் போக மாட்டாள். வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற பெண்களின் நிலை இதைவிட மோசம். அவர்களுக்கு வாசல் என்றால் சரக்கு கொண்டுவரும் ஏஜெண்டின் ஸ்கூட்டர் ஒன்றுதான். அதனால்தான் 2021 மே மாதம் முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்ததை நான் சலுகையாக மட்டும் பார்ப்பதில்லை. மாதம் மிச்சமாகும் சில நூறு ரூபாய் ஒரு பக்கம். இன்னொரு வாசலைப் போய்த் தட்டிப் பார்க்கச் செலவில்லை என்பது மறுபக்கம். அது கூலியை உயர்த்தியதா என்று கேட்டால், உயர்த்தியிருக்க வேண்டும் என்று பாடம் சொல்கிறது. உயர்த்தியது என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. அந்த பஸ் போகாத வழிகள் நிறைய.

இனி, ஆட்கள் ஏன் ஒரேயடியாகப் பெயர்ந்து போவதில்லை என்பதற்கு வருவோம். கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் இருவரும் 2016இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியது. விலைவாசியைக் கழித்தபிறகும் இந்தியாவில் கிராமக் கூலிக்கும் நகரக் கூலிக்கும் 25 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். சீனாவில், இந்தோனேசியாவில் இவ்வளவு இல்லை. அப்படியிருந்தும் நம் கிராமத்து ஆண்கள் குடிபெயர்வது மிகக் குறைவு. அவர்கள் சொல்லும் காரணம் சாதி உறவு வலை. ஒருவர் கீழே விழுந்தால் பங்காளியும் மாமன் மச்சானும் பிடித்துக்கொள்கிறார்கள். நகரத்துக்குக் குடிபோனால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அந்தக் காப்பை இழக்கக் கூலி வித்தியாசம் ஈடாகவில்லை. இது வேலூரை வைத்து எழுதிய கட்டுரை இல்லை, ஆனால் இங்கே பார்க்காத சங்கதியும் இல்லை. பைபாஸ் ஆபரேஷன் என்றதும் இரவோடு இரவாக இரண்டு லட்சம் திரட்டுகிறவர்கள் யார்? கல்யாணத்தில் மொய் எழுதிய நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பது எதற்கு? பெங்களூரில் பக்கத்து பிளாட்காரர் மொய் நோட்டில் இருக்க மாட்டார்.

அதனால் நம் ஆட்கள் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். போகவும் வேண்டும், போய்விடவும் கூடாது. சீசன் டிக்கெட். விடியற்காலை ஜோலார்பேட்டையிலிருந்து கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் காட்பாடியில் ஏறிப் பாருங்கள். உட்கார இடம் கிடைக்காது. சென்னை 130 கிலோமீட்டர். சிலர் இருபது வருடமாக இப்படிப் போய் வருகிறார்கள், ரயிலிலேயே சீட்டு நடத்துகிறார்கள், பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். அவர்கள் வேலை செய்யும் சந்தை சென்னை, காப்பு கொடுக்கும் சந்தை ஊர். வேலூரின் வேலைச் சந்தைக்கு எல்லை மாநகராட்சிப் பலகை இல்லை, முதல் பஸ்ஸும் கடைசி ரயிலும்தான்.

இத்தனையும் சொன்னபிறகு ஒரு எச்சரிக்கை. வேலூரில் கூலி இவ்வளவு உயர்ந்தது, இவ்வளவு உயரவில்லை என்று யாராவது துல்லியமாக எண் சொன்னால் சந்தேகப்படுங்கள். வட ஆற்காடு 1989இல் இரண்டானது, ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. மிச்சம் இருந்த வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் வைத்தால் மாம்பழத்தையும் மாங்கொட்டையையும் ஒப்பிடுவது மாதிரிதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011க்குப் பிறகு நடக்கவில்லை, அடுத்ததற்கு 2027ஐக் குறித்திருக்கிறார்கள். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017லிருந்து வருகிறது, ஆனால் மாவட்ட அளவில் நம்பிப் பேச ஏற்றபடி அதன் மாதிரியை அமைக்கத் தொடங்கியது 2025 ஜனவரியில்தான். ஆகவே நான் மேலே வேலூரைப் பற்றிச் சொன்னதில் பாதி ஆராய்ச்சி, பாதி கண்ணால் பார்த்தது. இன்னொன்று, கூலிக் கணக்கில் வராத செலவும் இருக்கிறது. தோல் பதனிடும் கழிவு பாலாற்றுக் கிணறுகளைக் கெடுத்தது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது. கூலி கொடுத்த தொழிலே கிணற்றையும் கெடுத்திருந்தால் வளர்ச்சி என்று எதைக் கூட்டி எதைக் கழிப்பது என்பதை எந்தக் கட்டுரையும் எனக்குத் திருப்தியாகச் சொன்னதில்லை.

இப்போது உங்கள் 14,000. உங்கள் படிப்புக்கு இந்த ஊரில் எத்தனை வாசல்? ஆஸ்பத்திரி பெரியதுதான், ஆனால் அது நர்ஸுக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் திறந்த வாசல். பல்கலைக்கழகம் பெரியதுதான், அங்கிருந்து படித்து வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கே தங்குவதில்லை. ஷூ கம்பெனிக்கு வேண்டியது தையல் கை. மெக்கானிக்கல்காரருக்கு ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை, பெல் (BHEL) தொழிற்சாலை, அவற்றைச் சுற்றியிருக்கும் பட்டறைகள், அவ்வளவுதான். அந்தச் சில வாசல்களில் இந்த வட்டாரத்து எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு மேல் ஒரு கூட்டம் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற பொருளியலாளர்கள் 1970இல் இதைத்தான் சொன்னார்கள்: நல்ல வேலை கிடைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றாக இருந்தாலும், அந்தச் சம்பளம் பெரிதாக இருந்தால், மனிதர்கள் சும்மா இருந்தாவது காத்திருப்பார்கள். அவர்கள் ஆப்பிரிக்க நகரங்களை மனதில் வைத்து எழுதினார்கள். தெரு முனைக் கோச்சிங் சென்டரைப் பார்த்தால் நமக்காக எழுதிய மாதிரியும் இருக்கும். அதில் பிழையில்லை, ஆனால் எத்தனை வருடம் என்று முன்கூட்டியே ஒரு எல்லை போட்டுக்கொண்டு உட்காருவது நல்லது.

கிளம்பலாமா என்றால், கிளேசரும் டேவிட் மரேயும் 2001இல் எழுதியதைத்தான் உங்களுக்குச் சொல்வேன். பெரிய நகரத்துக்குப் போனவருக்குப் போன அன்றே சம்பளம் எகிறுவதில்லை. வருடா வருடம் மெல்ல ஏறுகிறது, ஏனென்றால் அங்கே வேலை கற்றுக்கொள்வது வேகமாக நடக்கிறது. அதைவிட முக்கியம், பிறகு நகரத்தை விட்டு வந்தாலும் அந்த ஏற்றம் கையோடு வந்துவிடுகிறது. ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளர் பதிவேடுகளை வைத்து வேறு இருவர் பார்த்ததும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. நம் ஊர் ஆட்களுக்கு இப்படி ஒரு கணக்கு யாரும் போட்டுப் பார்த்து நான் படித்ததில்லை. ஆனால் திரும்பி வந்து சிப்காட்டில் சூப்பர்வைசர் ஆன என் மாணவர்கள் நான்கைந்து பேரைப் பார்க்கும்போது நம்பத் தோன்றுகிறது. ஆகவே போனால் திரும்பவே முடியாது என்று பயப்பட வேண்டாம். ஐந்து வருடம் போய் வருவதை ஒரு மேற்படிப்பு மாதிரி நினையுங்கள்.

ஆனால் பெங்களூரில் 22,000 என்று ஒரு ஆஃபர் வந்தால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். பிஜி வாடகை, சாப்பாடு, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்து போகும் செலவு மூன்றையும் கழித்து மிச்சத்தை உங்கள் 14,000த்தோடு வையுங்கள். முதல் வருடம் பெரும்பாலும் இரண்டும் சமமாகத்தான் வரும். அங்கே போய்ச் சேரும் கம்பெனியைச் சுற்றி அரை மணி நேரத்தில் போகக்கூடிய தூரத்தில் உங்கள் வேலையையே கொடுக்கும் வேறு எத்தனை கம்பெனி இருக்கிறது என்று விசாரியுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் போங்கள். ஒன்றிரண்டுதான் என்றால், அதற்குப் பதில் காட்பாடியில் சீசன் டிக்கெட் எடுத்து அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் ஒரு மாதம் வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பாருங்கள். பயோடேட்டாவைக் கையிலேயே கொண்டுபோங்கள், மெயிலில் அனுப்பினால் வாட்ச்மேன் வரைகூடப் போகாது.